மலைநாட்டு வீட்டில் பவளத் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடல்நீர் மீன்தொட்டி பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலைநாட்டிலிருந்து வந்தவை. கடிதம் எழுதியவர்கள் கேட்டறிந்திருக்கும் அறிவுரைகளோ கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தொட்டி வைத்திருப்பவர்கள் சொன்னவை. கரையோரத்தில் சரியாக இருக்கும் சில அறிவுரைகள் இங்கே மீன்களைக் கொன்றுவிடும் என்பதால், அந்த வேறுபாட்டைக் காட்டும் கடிதங்களையே இம்முறை தெரிந்தெடுத்திருக்கிறேன்.

கேள்வி: பத்து வருடங்களாகக் கப்பி, ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களை வளர்த்து வருகிறேன். இப்போது இரண்டடி நீளத்தில் ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டி அமைத்து, இரண்டு கோமாளி மீன்களும் சில மென்பவளங்களும் வளர்க்க ஆசை. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் தொடங்கவே கூடாது என்று கொழும்பிலுள்ள மைத்துனர் சொல்கிறார். எங்கள் வீட்டுக்குப் பீலித் தண்ணீர் வருகிறது. குடிப்பதற்கு மிக நல்ல தண்ணீர். அதையே பயன்படுத்தலாமா? முதலில் எதை வாங்க வேண்டும்?
— ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது அவருடைய ஊருக்குப் பொருந்தும். பவளங்களுக்கு வேண்டிய வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியஸ். கொழும்பு வீடுகளில் பகல் வெப்பம் அதைத் தாண்டிவிடுவதால் அங்கே நீரைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊர். தை, மாசி மாத விடியற்காலைகளில் உங்கள் அறை எவ்வளவு குளிர்ந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே சில்லருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல ஹீற்றர்களுக்குச் செலவிடுங்கள்.

ஹீற்றர்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 60 சென்ரிமீற்றர் நீளமும், அகலத்திலும் உயரத்திலும் 40 சென்ரிமீற்றரும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 80 லீற்றர் நீர் நிற்கும். அதற்கு 200 வொட் ஹீற்றர் ஒன்றை வாங்குவதை விட, 100 வொட் ஹீற்றர்கள் இரண்டை வாங்குவது பாதுகாப்பானது. ஒன்று பழுதடைந்தால் மற்றது நீரைக் காக்கும். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் குளிர்ந்த அறையில் 100 வொட் மட்டும் நீரை வேகவைத்துவிடாது. ஹீற்றர், பம்பு ஆகியவற்றின் வயர்கள் சுவரிலுள்ள பிளக்கை விடத் தாழ்வாக வளைந்து, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும்; அப்போதுதான் வயர் வழியே வடியும் உப்புநீர் பிளக்கை எட்டாமல் கீழே சொட்டும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்த பின்பே தொட்டியில் நீரை நிரப்புங்கள்.

பீலித் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான கேள்வி. தேயிலையைத் தாக்கும் கொப்புள நோய் 1946 இல் இலங்கைக்கு வந்தது. அன்றிலிருந்து அதைத் தடுக்கத் தோட்டங்களில் செப்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகள் தெளிக்கப்பட்டு வருகின்றன. தேயிலை மலைகளின் ஊடாக இறங்கிவரும் நீரில் செப்பு சிறிதளவு இருந்தால், அது மனிதருக்கோ உங்கள் கப்பிகளுக்கோ தீங்கு செய்யாதிருக்கலாம். ஆனால் நத்தை, இறால், பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அந்தச் சிறிதளவே நஞ்சு. மேட்டில் உருளைக்கிழங்கோ கரட்டோ பயிரிடப்பட்டிருந்தால் உரமும் நீரில் கலந்து வரும். அது தொட்டியில் பாசியாகப் படரும். கூரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். தகரக் கூரையிலிருந்து வடியும் நீரில் நாகம் (துத்தநாகம்) கலந்திருக்கும். அதையும் தவிர்க்க வேண்டும். எனவே நீரில் கரைந்திருப்பவற்றையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வடிகட்டி ஒன்று அவசியம். அது ஒழுங்காக வேலை செய்ய 3 முதல் 4 பார் வரை அழுத்தம் வேண்டும். 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் தருவது ஒரு பார் மட்டுமே. உங்கள் தாங்கி வீட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறதென்றால் சிறிய பூஸ்டர் பம்பு ஒன்றும் தேவைப்படும். வடிகட்டி வெளியே தள்ளும் கழிவுநீரை மரக்கறித் தோட்டத்துக்கு விடலாம்.

உப்பென்று சொல்லும்போது, கடல்நீர்த் தொட்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட உப்புக் கலவையைத்தான் குறிப்பிடுகிறேன். சமையல் உப்பில் கல்சியமும் மகனீசியமும் தேவையான அளவில் இல்லை. 80 லீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோ பிடிக்கும். வாளியில் முதலில் நீரை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். மாறாக உப்பின் மேல் நீரை ஊற்றினால் கல்சியம் வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். ஒரு நாள் முழுவதும் கலங்கவிட்டு, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீற்றரில் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அல்லது 1.026 காட்டுகிறதா என்று பாருங்கள். முதலில் எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நான் முதலில் வாங்கச் சொல்வது இந்த ரிஃப்ராக்டோமீற்றரைத்தான். உப்பளவு பார்க்கும் மலிவான கருவியான மிதவை மானியை நம்பி நான் பட்ட இழப்பே அதற்குக் காரணம்.

என் முதல் தொட்டியில் நீர் குறையும் போதெல்லாம், கடல்நீர்த் தொட்டிக்குக் கடல்நீர்தானே ஊற்ற வேண்டும் என்று எண்ணி உப்புநீரையே ஊற்றி வந்தேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மலைநாட்டில் நீர் 26 பாகையிலும் அறை 15 பாகையிலும் இருப்பதால் ஆவியாதல் அதிகம். காலையில் ஜன்னல் கண்ணாடி முழுவதும் நீர்த்துளிகள் வழிந்துகொண்டிருக்கும். நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வீதம் 14 நாள் உப்புநீர் ஊற்றினால் ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு கூடுதலாகச் சேர்ந்து, 1.026 ஆக இருந்த ஒப்படர்த்தி 1.031 ஐ எட்டிவிடும். நான் அதை அறிந்தது மானியால் அல்ல, நத்தைகளால். இரவில் கண்ணாடியில் ஊர்ந்து திரிந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று, மூடி இறுகிய வாயோடு மணலில் கவிழ்ந்து கிடந்தன. மிதவை மானியின் கரத்தில் படிந்திருந்த உப்பு அந்த இரண்டு வாரமும் எனக்குக் குறைவான எண்ணையே காட்டியிருக்கிறது. நீங்கள் தொட்டியின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்துக்குச் சிறிய ஒட்டுத் துண்டு ஒன்றை ஒட்டிவையுங்கள். நீர் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் உப்பில்லாத ஆர்.ஓ. நீரை அந்த மட்டம் வரை ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலை விஞ்ஞான கூடத்தில் மாணவர்களோடு சேர்ந்து ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்தோம். நான்காம் நாள் நீர் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. தண்ணீர் தயார் என்று கடைக்காரரும் சொன்னார். இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு நீல டாம்செலையும் விட்டோம். எட்டு நாள்களுக்குள் மூன்றும் இறந்துவிட்டன. மாணவர்கள் மிகவும் மனம் வருந்துகிறார்கள். தொட்டியைக் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கவா?
— ஓர் ஆசிரியை, பண்டாரவளை

பதில்: தயவுசெய்து கலைக்க வேண்டாம். உங்கள் தொட்டியில் நடக்க வேண்டிய வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

தெளிந்த நீர் வேறு, தயாரான நீர் வேறு. மீனின் செவுள்களிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் வெளிவரும் அமோனியாவுக்கு நிறமில்லை. மீன் மூச்சுத்திணறி மேலே வரும்வரை அது இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பாறையிலும் மணலிலும் குடியேறும் ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்த இரண்டு கூட்டங்களும் வேண்டிய அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். இவை மெதுவாகப் பெருகுபவை. குளிரில் இன்னும் மெதுவாகப் பெருகுபவை. மீன்கள்தான் இல்லையே என்று ஹீற்றரை அணைத்துவைத்தால் ஆறு வாரம் பத்து வாரமாகிவிடும். மீனே இல்லாத அந்த நாள்களிலும் நீரை 26 பாகையில் வைத்திருங்கள்.

உங்களிடம் விஞ்ஞான கூடம் இருப்பது பெரிய வசதி. மீனின் உயிரைப் பணயம் வைக்காமல், தூய அமோனியம் குளோரைட்டைக் கொண்டே பற்றீரியாவுக்கு உணவூட்டலாம். 80 லீற்றர் நீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வருவதற்கு அரைக் கிராம் அமோனியம் குளோரைட்டு போதும். கணக்கை மாணவர்களையே போடச் சொல்லுங்கள்: 53.5 கிராம் அமோனியம் குளோரைட்டிலிருந்து 17 கிராம் அமோனியா வரும். இறந்த மீன்களின் கழிவு ஏற்கெனவே நீரில் இருப்பதால் முதலில் அளந்து பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் இடுங்கள். பிறகு இரண்டு நாளுக்கொரு முறை அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று மூன்றையும் அளந்து ஒரு வரைபுத்தாளில் புள்ளியிட்டு வரச் செய்யுங்கள். முதல் கோடு ஏறி இறங்கும். அது இறங்கும்போது இரண்டாவது ஏறும். அதுவும் இறங்கிய பிறகு மூன்றாவது மட்டும் உயர்ந்து நிற்கும். இட்ட அரைக் கிராமும் 24 மணித்தியாலத்துக்குள் மறைந்து, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும் நாள்தான் தொட்டி தயாரான நாள். அதன்பின் நீரில் பாதியை மாற்றி, ஒரே ஒரு மீனை விடுங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு வாரம் பொறுத்திருங்கள்.

இடையில் மணலும் கண்ணாடியும் கபில நிறத் தூள் பூசியது போல் மாறும். அவை டையற்றம் என்ற நுண்பாசிகள். புதிய தொட்டிகளில் பெரும்பாலும் வரும், தானாகவே போகும். அதற்காக மருந்து எதையும் இடாதீர்கள்.

புதிய மீன்களை நேரே தொட்டியில் விடாமல், பாறையும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். உடலில் வெள்ளைப் புள்ளி விழும் நோய் கண்டால் செப்பு மருந்தை அந்தத் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்தலாம். பெரிய தொட்டியில் ஊற்றிய செப்பைப் பாறை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். பின்னர் அது கசிந்து உங்கள் நத்தைகளையும் பவளங்களையும் பாதிக்கும்.

கடைக்காரர் சொன்னதை நம்பியதற்காக உங்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் இனிமேல் தண்ணீர் தயாரா என்பதை அமோனியாச் சோதனைக் குழாயிடமே கேளுங்கள்.

கேள்வி: கொழும்பில் வாங்கிய மீன்களைப் பொலித்தீன் பையில் பேருந்தில் கொண்டு வந்தேன். வீடு வந்து சேரும்போது பைகள் வெடித்துவிடும் போல உப்பியிருந்தன. ஒன்றில் முடிச்சருகே நீர் கசிந்திருந்தது. மேலும், என் தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வந்து மூச்சுவிடுகின்றன, பி.எச். 7.8 க்கு மேல் ஏறுவதே இல்லை. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் ஏன் இப்படி? மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது?
— ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: நீங்கள் கேட்ட முதல் இரண்டுக்கும் காரணம் உங்கள் ஊரின் உயரம்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. கொழும்பில் இறுக்கிக் கட்டிய பையிலுள்ள காற்று, பேருந்து மலையேற ஏற விரிந்து, நுவரெலியாவை அடையும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. அடுத்த முறை பையைத் தளர்வாகக் கட்டித் தரும்படி கேளுங்கள். விரலால் அமுக்கினால் நன்றாகப் பள்ளம் விழ வேண்டும். பைகளை ரெஜிபோம் பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுவந்தால் இறம்பொடைக்கு மேலே வரும் குளிர் தாக்காது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்துவைத்து, மணிக்கணக்கில் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாக விடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. ஆறு ஏழு மணித்தியாலம் பயணப்பட்ட மீனுக்கு இது ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட காபனீரொட்சைட்டு நீரை அமிலப்படுத்தி, அங்கே சேர்ந்த அமோனியாவைத் தீங்கற்ற வடிவில் அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்தவுடன் அந்த வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அமோனியா நஞ்சாக மாறும். மூடிய பையையே தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். கடையின் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, தனித் தொட்டியை அதே அளவில் வைத்திருந்தால், திறந்தவுடனே மீனை வலையால் எடுத்து அதில் விட்டுவிடலாம். பை நீரைத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

விடியற்காலை மூச்சுத்திணறலுக்கு வருவோம். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நீரில் கரையும் ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறையும். கடல்நீரோ நன்னீரை விட இயல்பாகவே குறைவான ஒட்சிசனைத்தான் தாங்கும். இரவில் பாசியும் பவளங்களும் ஒட்சிசனை உள்ளெடுக்கின்றன. ஆகவே தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு இரவு முழுவதும் நெளிந்துகொண்டிருக்கும்படி செய்யுங்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் சிறிய தொட்டிக்குத் தேவையில்லை என்பார்கள். அது நீருக்குள் காற்றைச் செலுத்துவதால் உங்கள் உயரத்தில் அது வேண்டும் என்பதே என் கருத்து.

பி.எச். ஏறாததற்குக் காரணம் அடைத்த ஜன்னல்களாக இருக்கலாம். குளிருக்காக எல்லாவற்றையும் மூடிவிட்டு நாலைந்து பேர் உறங்கும் வீட்டில் காபனீரொட்சைட்டு கூடும். அது தொட்டிநீரிலும் கரையும். ஒரு குவளை தொட்டிநீரை முற்றத்துக்கு எடுத்துச் சென்று, ஒரு மணித்தியாலம் காற்றுப் பம்பால் குமிழியிட்டு அளந்து பாருங்கள். பி.எச். 8.1 அல்லது 8.2 க்கு ஏறினால் குற்றம் அறைக் காற்றிலேதான்; கடையில் விற்கும் பி.எச். திரவங்கள் எதையும் ஊற்றத் தேவையில்லை. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் சட்டத்தின் வழியே வெளியே விடுங்கள். பக்கத்துத் தேயிலை மலையிலோ மரக்கறித் தோட்டத்திலோ மருந்து தெளிக்கும் நாள்களில் மட்டும் அதை உள்ளே இழுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, ஓரிரவு என் தொட்டி ஆறு மணித்தியாலத்தில் 26 இலிருந்து 21 பாகைக்கு இறங்கியது. மறுநாள் முதல், மின்சாரம் போனவுடனேயே தொட்டியின் நான்கு பக்கங்களையும் தடித்த கம்பளியால் சுற்றினேன். இறங்கும் வேகம் பாதியானது. ஒரு லீற்றர் போத்தலில் சுடுநீர் நிரப்பி, இறுக மூடி மிதக்கவிட்டால் 80 லீற்றர் நீர் அரைப் பாகைக்குச் சற்று மேல் ஏறும்; அடுப்பில் கேத்தல் இருக்கும் வரை இது கைகொடுக்கும். ஆனால் குளிரைத் தாங்கும் அளவுக்கு மீன் ஒட்சிசன் குறைவைத் தாங்காது. கையில் எட்டும் இடத்தில் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். அன்றிரவு தொட்டிக்கு உணவு போடாதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு நிலாவெளி போகிறோம். வரும்போது சில பவளக் கற்களும் இரண்டு கேன் கடல்நீரும் கொண்டுவரலாமா?
— ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: கற்கள் வேண்டாம், செத்துக் கரையொதுங்கிய துண்டுகளும் வேண்டாம். கரையோரத்திலிருந்து பவளத்தை எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். 1998 இல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் பவளங்கள் வெளிறி மடிந்தன. அந்த இழப்பிலிருந்து இன்னும் மீண்டுகொண்டிருக்கும் கடலிலிருந்து நம் வீட்டு அலங்காரத்துக்காக எதையும் பெயர்க்கக் கூடாது. தொட்டிகளிலேயே வெட்டிப் பெருக்கப்பட்ட மென்பவளத் துண்டுகளும் உலர் பாறைகளும் வாங்கக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டே அழகான தொட்டி அமைக்கலாம்.

கடல்நீரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் மலைகளில் பெய்யும் மழை மகாவலியாக ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கரைநீரின் உப்பளவை நம்ப முடியாது. கேனில் அடைபட்ட நுண்ணுயிர்கள் மலையேறும் முன்பே மடிந்து நீரைக் கெடுக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் தொட்டியில் ஒரு கல்லின் மேல் பொத்தான்கள் போன்ற கபில நிறப் பவளங்கள் பெருகி, மற்றவற்றை மூடிக்கொண்டு வருகின்றன. அந்தக் கல்லை வெளியே எடுத்துச் சமையலறையில் பெரிய பானையில் அவித்துச் சுத்தம் செய்ய நினைக்கிறேன். எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், கண்டி

பதில்: இதழ் அச்சாகும் வரை காத்திராமல் இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கும் எழுதுகிறேன். அந்தக் கல்லை அவிக்கவே கூடாது. கொதிநீரும் ஊற்றக் கூடாது. தூரிகையால் தேய்க்கவும் கூடாது.

நீங்கள் விவரிப்பது ஸோவாந்திட் வகைப் பவளம். அவற்றுள் சில, குறிப்பாகப் பாலிதோவா என்பவை, பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டிருக்கும். கல்லை அவிக்கும்போது அந்த நஞ்சு நீராவியோடு அறை முழுவதும் பரவும். வெளிநாடுகளில் இப்படி அவித்தவர்கள் மட்டுமல்லாமல், அடுத்த அறையில் இருந்த குடும்பத்தினரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வாயில் உலோகச் சுவை, இருமல், மூச்சுத்திணறல், நடுக்கத்தோடு காய்ச்சல், தசைவலி ஆகியவை அறிகுறிகள். யாராவது ஏற்கெனவே இப்படிச் செய்து இவற்றுள் ஏதாவது ஏற்பட்டிருந்தால், உடனே எல்லோரையும் வீட்டுக்கு வெளியே அழைத்துச்சென்று மருத்துவமனைக்குப் போங்கள். பவளத்தின் பெயரையும் நஞ்சின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். இந்த நஞ்சு நம் ஊர் வைத்தியசாலைகளில் அடிக்கடி காணப்படுவதல்ல.

கல்லைக் கொல்லத் தேவையில்லை. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கல்லை நீருக்கு மேலே தூக்காமலேயே மெதுவாக நகர்த்தி, மணலின் நடுவே தனியாக வையுங்கள். சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு வெறும் மணல் இருந்தால் மற்றக் கற்களுக்கு அது எளிதில் படராது. விரலில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்; முடிந்ததும் கையுறையோடு சேர்த்துக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்; தொட்டிக்குப் பயன்படுத்தும் வாளியும் துணியும் ஒருபோதும் சமையலறைக்குள் வரக் கூடாது.